குப்பம் பக்கத்து ஊர்களில் வானத்தைக் காட்டப் புறப்படும் மாணவர்களுக்கு

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் கூடும் குப்பம் பகுதியில் பல்கலைக்கழகப் படிப்பில் இருக்கும் தமிழ் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: விடுதியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சுற்றுவட்டக் கிராமங்களில் பொதுமக்களுக்கு இரவு வானத்தைக் காட்ட விரும்புகிறார்கள்; வானியலைப் பாடமாகப் படித்தவர் அவர்களில் எவரும் இல்லை; கையில் இருப்பது 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று; ஊர்க்காரர்கள் வருவார்களா, எதைக் காட்டுவது, ஜாதகத்தையும் கிரகணத்தையும் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, இதை எப்படித் தொடர்ந்து நடத்துவது என்பவை அவருடைய கேள்விகள். வாணியம்பாடிப் பக்கம் இருந்துகொண்டு எல்லைக்கு இருபுறமும் இத்தகைய மாணவர் குழுக்களுடன் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வானியல் படிக்காதது இந்த வேலைக்கு ஒரு குறையே அல்ல. கிராமத்து இரவில் உங்களிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளி அறிவியலும் சில வார வாசிப்பும் போதும்; போதாத இடத்தில், "தெரியாது, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொண்டு வந்து சொல்கிறேன்" என்று ஒரு மாணவர் சொன்னால் மக்கள் அதை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். தொலைநோக்கியில் கண்ணை வைக்கும் ஒவ்வொருவரும் அங்கே இருப்பதை உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாரா என்பதில் காட்டும் விடாப்பிடிதான் உங்களிடம் இருக்க வேண்டியது. நன்றாகத் தொடங்கிய பல குழுக்கள் இந்த ஓர் இடத்தில்தான் சறுக்குகின்றன. வந்தவர் எண்ணிக்கையைப் படம்பிடித்துப் பெருமைப்படுகிறார்கள், ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று மரியாதைக்குச் சொல்லிப் போயிருப்பார்கள்.

பொதுமக்களிடம் வானத்தைக் கொண்டுபோவதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடிகள் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது அதை விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். அயலில் பார்த்தால், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்த ஜான் டாப்சனைச் சொல்ல வேண்டும். 1967இல் மடத்தை விட்டு வெளியேறிய அவர், மறு ஆண்டே இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் நிலவைப் பார்க்க அழைத்தார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை, கையால் தேய்த்த கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு அவர் செய்த எளிய தொலைநோக்கியின், அதன் தாங்கியின் வடிவம்தான் இன்று டாப்சோனியன் என்ற பெயரில் உலகெங்கும் விற்கிறது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை.

டாப்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம், கூட்டத்தை உங்களிடம் அழைக்காமல் கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு நீங்கள் போவது. பல்கலைக்கழக வளாகத்தில் மேடை போட்டு அழைப்பிதழ் அச்சிட்டால் வருபவர்கள் பேராசிரியர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். சந்தை முடிந்து பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், ரயில் நிலைய வாசலில் இருப்பவர்கள், கோயில் மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள், மே மாதக் கங்கம்மா ஜாத்திரைக்கு வந்து இரவு முழுவதும் ஊரில் சுற்றுபவர்கள் ஆகியோர்தான் உங்கள் பார்வையாளர்கள். நிலவையும் வியாழனையும் தெருவிளக்கின் கீழ் நின்றுகூடக் காட்ட முடியும் என்பதால் இருட்டைத் தேடி ஊருக்கு வெளியே ஓடத் தேவையில்லை. இருட்டு தேவைப்படும் நிகழ்வை வேறாக, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடத்திக்கொள்ளலாம்.

இருட்டு என்றதும் மாணவர்கள் காட்டோரத்தையும் ஏரிக்கரையையும் தேர்ந்தெடுப்பார்கள். குப்பம், பலமனேர் பகுதிகள் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியவை. நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த இந்தக் காடுகளுக்கு 1980களில் தமிழ்நாடு, கர்நாடகப் பக்கங்களிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன, இன்றும் இரவில் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் இறங்குகின்றன. ஆகையால் காட்டை ஒட்டிய எந்த இடத்திலும் மக்களை இரவில் கூட்டவே கூடாது. ஊருக்குள்ளேயே சுற்றுச்சுவர் உள்ள மைதானம் போதும். மைதானத்து விளக்கை இரண்டு மணி நேரம் அணைத்துத் தரும்படி ஊராட்சியிடம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கிரானைட் குவாரி இருக்கும் திசையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே விளக்கும் தூசியும் சேர்ந்து அடிவானத்தையே அழித்துவிடுகின்றன.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் பௌர்ணமியைக் குறிக்கிறார்கள். அது நிலவைப் பார்க்க மிக மோசமான நாள். சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் நிழலே இருக்காது, கண்ணும் கூசும். வளர்பிறைப் பஞ்சமியிலிருந்து தசமிக்குள் ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியும் இருளும் பிரியும் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு கிண்ணக்குழியும் நிழலோடு எழுந்து நிற்கும், நிலவும் பொழுது சாயும்போதே உயரத்தில் இருக்கும். பருவத்தைப் பொறுத்தவரை, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு மழைக்காலங்களும் நம் பகுதியைத் தொடுவதால் ஜூன் முதல் நவம்பர் வரை எந்தத் தேதியும் உறுதியில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் உங்கள் அறுவடைக் காலம். ஆண்டுத் தேர்வுகளும் அதே மாதங்களில் வந்து விழுகின்றன என்பதால் ஜனவரி, பிப்ரவரியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காட்ட வேண்டியவை குறைவாக இருக்கட்டும். ஒரு மாலைக்கு இரண்டு பொருள்கள் போதும் என்பது என் கருத்து. மூன்றாவதைச் சேர்த்தால் வரிசையில் நிற்பவர்கள் மறுபடி வரிசைக்கு வர வேண்டியிருக்கிறது. நிலவு ஒன்று. வானில் இருக்கும் கோள்களில் பிரகாசமானது மற்றொன்று. வியாழன் 2026 ஜனவரியிலும், 2027 பிப்ரவரியிலும், 2028 மார்ச்சிலும் சூரியனுக்கு நேரெதிரே வருவதால் இந்த மூன்று ஆண்டுகளிலும் உங்கள் நல்ல பருவமும் வியாழனின் நல்ல பருவமும் ஒன்றாக அமைகின்றன. அதன் நான்கு பெரிய துணைக்கோள்களும் குறுக்கே ஓடும் இரண்டு பட்டைகளும் 6 அங்குலத்தில் தெளிவாகத் தெரியும். சனியைக் காட்டுவதானால் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. 2025 மார்ச்சில் அதன் வளையம் பூமியிலிருந்து பார்க்கும்போது விளிம்பு மட்டும் தெரியும் நிலைக்கு வந்தது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தை எட்டும். பாடநூல் படத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுக் காட்டினால், மெல்லிய கோடாகத் தெரியும் வளையமே அவருக்கு அதிசயமாக இருக்கும்.

இருட்டான மைதானம் கிடைக்கும் இரவுகளில், வடஇந்தியாவில் இருப்பவர்கள் பொறாமைப்படும் தெற்கு வானம் உங்களுக்குக் கிடைக்கிறது. நம் அட்சரேகை ஏறத்தாழ 12.75 பாகை என்பதால் அகத்தியர் விண்மீன் பிப்ரவரி முன்னிரவில் தெற்கே 24 பாகை உயரத்துக்கு ஏறி நிற்கும். மே மாத நடுவில் இரவு 9 மணியளவில் திரிசங்கு எனப்படும் தென்சிலுவை 17 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும், அதற்குச் சற்று கிழக்கே உயரத்தில் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து இருக்கும். வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகவும், 6 அங்குலத்தில் பொடிப்பொடியாக உதிரும் ஒளிக் குவியலாகவும் தெரியும் அது, ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் மேகம் விட்டால், 4.4 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஆல்பா சென்டாரியை இரட்டை விண்மீனாகப் பிரித்துக் காட்டலாம். குளிர்கால வானத்தில் ஆறுமீன் என்று நம் பெரியவர்கள் சொல்லும் கார்த்திகைக் கூட்டம், திருவாதிரை, ரோகிணி ஆகியவற்றைத் தொலைநோக்கி இல்லாமலே அடையாளம் காட்டிப் பழக்குங்கள். பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினால் அன்றைய இரவில் பாதிப் பாடத்தை அவர்களே நடத்திவிடுவார்கள்.

இனி ஐபீஸ் எனப்படும் கண்ணருகு லென்ஸுக்கு வருகிறேன். ஒரு தொலைநோக்கிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் பொருளைக் குறியில் வைத்துக்கொண்டே இருப்பார், இன்னொருவர் பார்ப்பவர் பக்கத்தில் நிற்பார், மூன்றாமவர் வரிசையோடு பேசிக்கொண்டிருப்பார். இவர்களில் நடுவில் சொன்னவரின் வேலைதான் கடினமானது. முதல் முறை பார்ப்பவர் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் தடுமாறுவார், லென்ஸிலிருந்து நான்கு விரல் தள்ளி நின்று பார்ப்பார், குழாயைக் கையால் பிடித்து அசைத்துவிடுவார். அவரிடம் "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், தெரியாவிட்டாலும் ஆம் என்றுதான் சொல்வார். "வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது, நேராக இருக்கிறதா வளைவாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். வியாழன் என்றால், "பக்கத்தில் எத்தனை புள்ளிகள், இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால் பார்த்திருக்கிறார், வராவிட்டால் பொறுமையாக மறுபடி குறிவைத்துக் கொடுங்கள். துணைக்கோள்களின் நிலையை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னால் பிள்ளைகள் உற்சாகமாகச் செய்கிறார்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் பார்த்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும், 1610இல் கலிலியோ கண்டதும் அந்த மாற்றத்தைத்தான்.

கண்ணாடி அணிந்தவர்களைக் கழற்றச் சொல்லலாம். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் குவியத்தைத் திருப்பினால் சரியாகிவிடும், ஆனால் சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் அணிந்தே பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு படியுள்ள முக்காலி, முதியவர்களுக்கு நாற்காலி கட்டாயம் வேண்டும். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் லென்ஸில் கண்ணை வைக்க விடாதீர்கள். கைப்பேசியை லென்ஸோடு பொருத்தும் பிடிப்பானைப் போட்டுத் திரையில் காட்டுங்கள், அல்லது அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். எவரேனும் ஒருவர், "உள்ளே படம் ஒட்டியிருக்கிறீர்களா?" என்று நிச்சயம் கேட்பார். கோபப்பட வேண்டாம். குழாயைச் சற்றுத் தள்ளிவிட்டு, அவரையே தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பெண்களின் வருகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு மூட்டை கட்டிவிடும் நிகழ்வில் ஆண்களும் சிறுவர்களும்தான் பார்த்திருப்பார்கள். சமையலும் பாத்திரமும் முடிந்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவது எட்டு மணிக்குப் பிறகுதான். ஒன்பது மணி வரை நில்லுங்கள், எட்டு மணிக்கு மேல் மாணவியர் இருவர் தெருவுக்குள் போய் நேரில் அழைத்து வாருங்கள். ஆண்கள் நிறைந்த வரிசையில் முண்டியடிக்கத் தயங்குபவர்களுக்கு அந்தப் பின்நேரம் வசதியாக இருக்கும், நிலவும் அதற்குள் எங்கும் போய்விடாது.

கருவியைப் பொறுத்தவரை உங்கள் 6 அங்குலம் போதுமானது. 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவு உள்ளதாக இருந்தால், 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் ஐபீஸ் 120 மடங்கும் பெரிதாக்கும். பூமி சுழல்வதால் பொருள் பார்வைப் புலத்தைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கிறது: 48 மடங்கில் ஏறத்தாழ 4 நிமிடமும், 120 மடங்கில் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவும்தான் நிற்கும். ஆகவே கூட்டத்துக்கு 48 மடங்கே உகந்தது. ஒருவருக்கு 40 நொடி கொடுத்தால் கணக்குப்படி மணிக்கு 90 பேர். மறுபடி மறுபடி குறிவைக்கும் நேரத்தைக் கழித்தால் 60 பேரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் கூட்டம் வருமானால் இரண்டாவது கருவி வேண்டும், அதை நீங்களே செய்யலாம். ஒளியைக் குவிக்கும் கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு, பெட்டியையும் தாங்கியையும் ஒட்டுப்பலகையில் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்துகொள்வது நடைமுறைக்கு ஒத்த வழி. கண்ணாடியையும் கையால் தேய்க்க ஆசைப்படுபவர்களுக்குப் புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் நிறுவனம் தொலைநோக்கி செய்யும் பயிலரங்குகளை நடத்தியிருக்கிறது. துருவ விண்மீனை நோக்கி அச்சைத் திருப்ப வேண்டிய தாங்கியை வாங்கச் சொல்லி எவரேனும் ஆலோசனை தந்தால் ஏற்க வேண்டாம். நம் ஊரில் துருவம் 13 பாகைக்கும் குறைவான உயரத்தில், பெரும்பாலும் ஏதாவதொரு குன்றுக்கோ கட்டடத்துக்கோ பின்னால் இருக்கும். டாப்சோனியன் தாங்கி தரையில் வைத்தவுடன் வேலைக்குத் தயாராகிவிடும். வெயிலில் சூடான கண்ணாடி ஆறுவதற்காகக் கருவியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரிப் பனிக்குக் குழாயின் வாயில் கறுப்பு அட்டையைச் சுருட்டி நீட்டிவிட்டால் ஈரம் படிவது குறையும்.

பச்சை லேசர் ஒளிக்கோலைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம், ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், விமானம் தெரிந்தால் உடனே அணைக்கட்டும், பிள்ளைகள் கையில் ஒருபோதும் வேண்டாம். சென்னை, பெங்களூர் விமானங்கள் நம் தலைக்கு மேல்தான் போகின்றன. காவலூர் வானாய்வகத்தின் பக்கம் போகும்போது அதை எடுத்துக்கொண்டே போகாதீர்கள்.

காவலூரைக் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடமிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள், ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்த நோக்கல்களில் பங்குபெற்றது, 1988இல் அங்கே கண்டறியப்பட்ட குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். வானாய்வகத்துக்குப் பெயர் தந்த வேணு பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949இல், ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர். உங்கள் குழுவின் முதல் பயணம் அங்கேயாக இருக்கட்டும். பார்வையாளர் அனுமதிக்கப்படும் நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

மொழியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் என்று வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களிடம் தமிழில் பேசுங்கள், ஆனால் பலகையிலும் துண்டறிக்கையிலும் தெலுங்கு எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் பிள்ளை தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் கூச்சப்பட்டு ஒதுங்குவதை எல்லைக் கிராமங்களில் அடிக்கடி காணலாம். குழுவில் தெலுங்கு மாணவர்கள் பாதிப் பேராவது இருப்பது நல்லது.

ஜாதகக் கேள்விகளுக்கு வருவோம். சனியைக் காட்டும் இரவில், "அவரைப் பார்க்கலாமா, ஆகாதே" என்று தயங்குபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். "அவர் நம்மைப் பார்ப்பதைப் பற்றித்தானே பயம், இன்றைக்கு நாம் அவரைப் பார்த்துவிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு மாணவியின் வரிசையில் அன்றைக்குக் கூட்டம் அதிகமானதைக் கண்டேன். சிரிப்பு முடிந்ததும் கணக்கைச் சொல்லுங்கள். சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29.5 ஆண்டு ஆகிறது. 12 ராசிக்கு அதைப் பங்கிட்டால் ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டு. வியாழனுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 12 ஆண்டு. கும்பகோணத்தில் 2016இல் நடந்த மகாமகம் மறுபடி 2028இல் வருவதும், 2015இல் நடந்த கோதாவரி புஷ்கரம் 2027இல் வருவதும் அதனால்தான். ஏழரை என்ற எண்ணுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது வரைக்கும் சொல்லுங்கள். அந்தக் கோள் நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறதா என்று நேராகக் கேட்டால், அதற்குச் சான்று இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். கேட்காதவரிடம் போய் வாதாட வேண்டாம்.

கிரகணத்திலும் இதே அணுகுமுறைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த எண் வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் கணக்குக்கு அடங்கும் நிழல் விளையாட்டு என்பதை நம் பஞ்சாங்கமே ஒப்புக்கொள்கிறது என்று இதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். கிரகண நேரத்தில் மக்கள் முன்னால் சாப்பிட்டுக் காட்டும் நிகழ்ச்சிகளை நகரத்தில் செய்கிறார்கள். கிராமத்தில் அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது பார்க்க வந்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டு நிலவை மறக்கச் செய்துவிடுகிறது. கர்ப்பிணியை வெளியே வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பூமியின் நிழல் நிலவில் விழுவதால் எவருக்கும் எதுவும் ஆகாது என்று வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள். 2028 டிசம்பர் 31 இரவில் முழுச் சந்திர கிரகணம் வருகிறது, 10 மணியைத் தாண்டி உச்சத்தை அடையும். ஊரே விழித்திருக்கும் புத்தாண்டு இரவு என்பதால் அதற்கு இப்போதிருந்தே இடம் பார்த்து வைக்கலாம்.

சூரிய கிரகணம் என்றால் உண்மையான ஆபத்து கண்ணுக்குத்தான். தொலைநோக்கியின் முன்பக்க வாயில் முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது, ஐபீஸில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தில் வெடிக்கக்கூடியது, குறிபார்க்கும் சிறு குழாயையும் மூடிவிட வேண்டும். பள்ளிப் பகல் நிகழ்வுக்கு இவை எதுவும் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு சென்டிமீட்டர் துளையுள்ள தாளால் மூடி, வெயிலில் வைத்து, எதிரொளியை 20 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் விழச் செய்தால் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அகலச் சூரிய பிம்பம் கிடைக்கும்.

பகல் நிகழ்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நிழலில்லா நாள். குப்பம் அட்சரேகையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், பகல் 12.15க்கும் 12.20க்கும் இடையே சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வரும், செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஏப்ரல் நாளில் வானம் தெளிவு, ஆனால் பள்ளிகள் கோடை விடுமுறைக்குள் நுழைந்துவிடும். ஆகஸ்டில் பிள்ளைகள் இருப்பார்கள், மேகமும் இருக்கும். இரண்டையும் முயலுங்கள். அதே நாளில் கன்னியாகுமரிப் பக்கம் உள்ள கல்லூரி மாணவர்கள் அவர்கள் ஊர் நடுப்பகலில் 1 மீட்டர் கம்பின் நிழலை அளந்தால், அது தெற்கே ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். அதிலிருந்து கிடைக்கும் 4.7 பாகைக் கோணத்தையும், இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள 520 கிலோமீட்டர் வடக்குத் தெற்குத் தொலைவையும் வைத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிடுவார்கள்.

அனுமதி விஷயம் சிறியது, ஆனால் விடக் கூடாதது. ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எல்லைக் கிராமங்களில் இரவில் முன்பின் தெரியாத இளைஞர்கள் குழாய் போன்ற கருவியோடு நின்றால் கேள்வி வருவது இயல்பு. மாணவியர் விடுதிக்குத் திரும்பும் நேரத்துக்கான அனுமதியும், அனைவரும் ஒரே வண்டியில் திரும்புவதற்கான ஏற்பாடும் முடிவான பிறகே தேதியை ஊருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தொடர்ச்சி. மாணவர் குழுக்கள் ஆர்வம் குறைந்து மூடப்படுவது அரிது; நன்றாக நடத்தியவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவதால்தான் பெரும்பாலும் மூடப்படுகின்றன. முதுகலை இரண்டே ஆண்டு என்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் சீக்கிரம் வரும். முதலாண்டு மாணவர்கள் மூன்று பேரை இரண்டாவது நிகழ்விலிருந்தே கருவியைக் கையாள விடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த ஊர், யாரிடம் அனுமதி, விளக்கை அணைத்தவர் யார், எந்தத் திசையில் மரம் மறைத்தது, பதில் தெரியாமல் விட்ட கேள்விகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தொலைநோக்கி ஒருவருடைய அறையில் தூங்காமல் துறையின் பெயரில் பதிவாகி, சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். பத்து ஊர்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட மூன்று ஊர்களுக்கு மாதந்தோறும் போவதையே நான் தேர்வேன், ஏனென்றால் இரண்டாம் முறை பார்ப்பவர்கள்தான் முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார்கள், உங்களுக்கும் ஆள் குறையாது. முதல் ஊரை ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே பாருங்கள், தைமாத வளர்பிறையில் ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள், மேகம் வந்தால் அடுத்த நாள் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.